குறிப்பாணை முதல் பணியறவு வரை: வருவாய்த் துறை அலுவலர்கள் மீதான ஒழுங்கு நடவடிக்கை, படிப்படியாக

வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து வந்தவர் ஓர் உறையை மேசைமேல் வைத்துவிட்டு, "நகலில் கையெழுத்து வேண்டுமாம் ஐயா" என்று தயங்கி நிற்பார். உள்ளே இருப்பது என்னவென்று அவருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும். பலர் முதல் தவறை இங்கேயே செய்துவிடுகிறார்கள். "நான் இல்லை என்று எழுதிக் கொள்ளுங்கள்" என்று திருப்பி அனுப்புகிறார்கள். வாங்க மறுத்தால் உள்ளே இருக்கும் குறிப்பாணை, அதாவது குற்றச்சாட்டைச் சொல்லி விளக்கம் கேட்கும் கடிதம், செத்துப்போகாது. மறுத்ததாகக் குறிப்பு எழுதி, வீட்டுக் கதவில் ஒட்டி, உங்களிடம் சேர்க்கப்பட்டதாகக் (சார்வு செய்யப்பட்டதாக) கோப்பு நகர்ந்துவிடும். உங்கள் பதில் மட்டும் அதில் இருக்காது. கையெழுத்திட்டு வாங்குங்கள், கையெழுத்துக்குக் கீழே தேதியும் நேரமும் எழுதுங்கள்.

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் ஒழுங்கு நடவடிக்கைக் கோப்புகள் வந்துபோகும் இருக்கையில் சில ஆண்டுகள் இருந்தவன் நான். அங்கே கற்றது ஒன்றுதான்: ஒருவர் குற்றம் செய்தாரா என்பதைவிட, அது கோப்பில் எப்படி மெய்ப்பிக்கப்பட்டது என்பதில்தான் பணியறவு (டிஸ்மிஸ்) ஆணை நிற்கும் அல்லது விழும். ஊரே கைகாட்டிய ஒருவர் மாலையுடன் பணிக்குத் திரும்பியதைப் பார்த்திருக்கிறேன். விசாரணை நாளுக்கான அறிவிப்பு, விசாரணை நடந்த அன்று காலையில்தான் அவரிடம் சேர்க்கப்பட்டிருந்தது. நீதிமன்றம் அந்த ஒரு தாளை மட்டும் பார்த்தது.

இந்த வழிகாட்டி தமிழ்நாட்டு வருவாய்த் துறையை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், துணை வட்டாட்சியர், வட்டாட்சியர் என்று எவருக்கும் பொருந்தும். மத்திய அரசின் வருமான வரி, சுங்கத் துறைகளில் இருப்போருக்கு 1965ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணி விதிகள் உண்டு. விதி எண்கள் மாறும், எலும்புக்கூடு ஒன்றுதான்.

முதலில், எந்தச் சட்டத்தின் நிழலில் நிற்கிறீர்கள்

அடிப்படை அரசியலமைப்பின் 311ஆம் பிரிவு. அது இரண்டு காப்புகளைத் தருகிறது. உங்களை நியமித்த அலுவலருக்குக் கீழ்நிலையில் இருப்பவர் உங்களைப் பணியிலிருந்து நீக்க முடியாது. குற்றச்சாட்டைத் தெரிவித்து, விசாரித்து, எதிர்வாதம் சொல்ல நியாயமான வாய்ப்பளிக்காமல் பணிநீக்கமோ பணியறவோ பதவியிறக்கமோ செய்ய முடியாது. 1976இல் வந்த 42ஆவது திருத்தத்துக்கு முன்பு, தண்டனையின் அளவைப் பற்றியும் தனியாக ஒரு வாய்ப்பு தரப்பட வேண்டியிருந்தது. இப்போது அது கட்டாயமில்லை.

விசாரணையே இல்லாமல் நீக்கக்கூடிய சூழ்நிலைகள் மூன்று: குற்ற வழக்கில் தண்டனை பெற்றிருப்பது, விசாரணை நடத்துவது நடைமுறையில் இயலாது என்று காரணம் எழுதிப் பதிவு செய்வது, நாட்டின் பாதுகாப்பு. இரண்டாவதை எளிதில் பயன்படுத்த முடியாது. சாட்சிகள் வர மாட்டார்கள் என்று மேலதிகாரி நினைத்தால் மட்டும் போதாது. ஏன் இயலாது என்பதற்கான பொருள் கோப்பில் இருக்க வேண்டும். 1985இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு இதை விரிவாகச் சொல்லிவிட்டது.

அன்றாட வேலைக்கு 1955ஆம் ஆண்டின் தமிழ்நாடு குடிமைப் பணிகள் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகள். எது தவறு என்பதைச் சொல்வது 1973ஆம் ஆண்டின் அரசு அலுவலர் நடத்தை விதிகள். சொத்து வாங்கியதைத் தெரிவிக்காதது, அனுமதியின்றி வேறு தொழில் செய்வது போன்றவை இதில் வரும்.

17(அ)வா, 17(ஆ)வா

1955ஆம் ஆண்டு விதிகளில் 17ஆம் விதியின் இரண்டு உட்பிரிவுகள் இவை. அலுவலகப் பேச்சில் 'பதினேழு ஏ', 'பதினேழு பி'. உறையைப் பிரித்ததும் கண் முதலில் போக வேண்டிய இடம் இதுதான்.

17(அ) சிறு தண்டனைக்கான வழி: கண்டனம், ஊதிய உயர்வு நிறுத்தம், அரசுக்கு ஏற்பட்ட இழப்பைச் சம்பளத்தில் பிடித்தல் போன்றவை. குறிப்பாணை வரும், விளக்கம் கொடுப்பீர்கள், ஆணை வரும். வாய்மொழி விசாரணை பொதுவாக இருக்காது. 17(ஆ) பெரிய தண்டனைக்கானது: பதவியிறக்கம், கட்டாய ஓய்வு, பணிநீக்கம், பணியறவு. இதற்கு முழு விசாரணை வேண்டும்.

பணிநீக்கமும் பணியறவும் ஒன்றென்று பலர் நினைக்கிறார்கள். வீட்டுக்கு அனுப்புவதில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் பணிநீக்கம் பெற்றவர் பின்னாளில் வேறோர் அரசு வேலைக்கு விண்ணப்பிக்கத் தடையில்லை. பணியறவு, அதாவது டிஸ்மிஸ் ஆனவருக்கு அந்தக் கதவு சாதாரணமாக மூடியதுதான். இரண்டிலும் கடந்தகாலப் பணி பறிபோகும், ஓய்வூதியம் இல்லை. பரிவு அடிப்படையில் ஓய்வூதியத்தின் மூன்றில் இரண்டு பங்குக்கு மிகாமல் ஒரு படி தரலாம். அது கொடுப்பவர் விருப்பம். கட்டாய ஓய்வில் ஓய்வூதியம் பெரும்பாலும் தப்பிப் பிழைக்கும். இருபத்தைந்து ஆண்டு பணி முடித்தவருக்கு இந்த வேறுபாடு குடும்பத்தின் சாப்பாட்டுப் பிரச்சினை.

17(அ)விலும் ஒரு பொறி உண்டு. பின்வரும் எல்லா ஆண்டுகளின் சம்பளத்தையும் பாதிக்கும் வகையில் ஊதிய உயர்வை நிறுத்துவது பெயரளவில்தான் சிறு தண்டனை. 1990இல் உச்ச நீதிமன்றம் அதைப் பெரிய தண்டனையாகவே பார்த்து, விசாரணையில்லாமல் விதிக்கக் கூடாது என்றது. அப்படி ஓர் ஆணை வெறும் விளக்கத்தின் பேரில் வந்திருந்தால் மேல்முறையீட்டுக்கு அதுவே முதல் காரணம்.

யார் கையெழுத்து

கிராம நிர்வாக அலுவலருக்கு நியமன அலுவலர் வருவாய் கோட்டாட்சியர். துணை ஆட்சியர் நிலைக்கு அரசு. குறிப்பாணையின் கடைசியில் கையெழுத்திட்டவரின் பதவியைப் பாருங்கள்; பிறகு உங்கள் நியமன ஆணையை எடுத்து அதில் யார் கையெழுத்து என்று பாருங்கள். நியமன ஆணையைத் தொலைத்தவர்கள் எத்தனையோ பேர். பணிப்பதிவேட்டின் முதல் பக்கங்களில் அதன் எண் இருக்கும்.

வருவாய்த் துறையில் தவறுகள் தனியாக நடப்பதில்லை. ஒரு போலிப் பட்டா மாறுதலில் கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கை, வருவாய் ஆய்வாளரின் பரிந்துரை, மண்டலத் துணை வட்டாட்சியரின் ஆணை என்று மூன்று கையெழுத்துகள் இருக்கும். பலர் கூட்டாகச் சிக்கும்போது விதி 9அ வருகிறது: அவர்களில் உயர்ந்த நிலையில் இருப்பவர்மீது நடவடிக்கை எடுக்க அதிகாரம் உள்ளவரே எல்லார்மீதும் எடுப்பார். "என்னைக் கோட்டாட்சியர் அல்லவா விசாரிக்க வேண்டும், ஆட்சியர் எப்படி?" என்ற கேள்விக்கு விடை இதில் இருக்கிறது.

குற்றச்சாட்டுக் குறிப்பாணைக்கு உரிய அலுவலரின் ஒப்புதல் இல்லையென்றால் அது செல்லாது என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நடவடிக்கை தொடங்க ஒப்புதல் வாங்கியது வேறு, வரைவுக் குற்றச்சாட்டுக்கு ஒப்புதல் வாங்கியது வேறு. இரண்டும் கோப்பில் வேண்டும்.

தற்காலிகப் பணிநீக்கம்

சஸ்பெண்ட் என்பது இடைக்கால ஏற்பாடு; மேலே தண்டனையாகச் சொன்ன பணிநீக்கம் அல்ல. விதி 17(உ)வின்படி, கடுமையான குற்றச்சாட்டில் விசாரணை நடக்கும்போதோ நடக்கவிருக்கும்போதோ, குற்ற வழக்கு புலனாய்விலோ விசாரணையிலோ இருக்கும்போதோ, பொதுநலன் கருதிச் செய்யலாம். 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால் தனி ஆணைக்குக் காத்திராமல் அந்த நிலைக்கு வந்துவிடுவீர்கள்.

இந்தக் காலத்தில் செய்ய வேண்டியவை சில்லறையாகத் தெரியும், ஆனால் செய்யாதவர்கள் படும் பாடு பெரிது. தலைமையிடத்தை விட்டுப் போக வேண்டுமென்றால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். சஸ்பெண்ட் காலத்தில் தரப்படும் பிழைப்பூதியத்துக்காக, வேறு வேலை எதுவும் செய்யவில்லை என்ற சான்றை மாதந்தோறும் கொடுங்கள். தொடக்கத்தில் பாதிச் சம்பள அளவில் வரும். விசாரணை இழுத்துக்கொண்டே போய், தாமதத்துக்கு நீங்கள் காரணமில்லை என்றால் உயர்த்தித் தரக் கேட்கலாம். பிழைப்பூதியம் தராமல் பட்டினி போட்டுவிட்டு நடத்திய விசாரணையை 1999இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. பஸ் கட்டணத்துக்கே வழியில்லாதவர் விசாரணைக்கு எப்படி வருவார் என்பதுதான் அதன் சாரம்.

மூன்று மாதத்துக்குள் குற்றச்சாட்டு தராவிட்டால் சஸ்பெண்ட் தானாக முடிந்துவிடும் என்று தேநீர்க் கடையில் சொல்வார்கள். 2015ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பை அரைகுறையாகக் கேட்டதன் விளைவு அது. எல்லா வழக்குக்கும் பொருந்தும் இரும்பு விதியாக அதைக் கொள்ள முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2022இல் விளக்கிவிட்டது. ஊழல் வழக்கில் சிக்கியவர் அந்த மூன்று மாதக் கணக்கை நம்பி உட்காரக் கூடாது. ஆனால் மறு ஆய்வு கேட்டு மனு கொடுப்பதைத் தவறவிடவும் கூடாது.

குற்றச்சாட்டை வாசிக்கும் கலை

பெரும்பாலான வழக்குகள் உண்மையில் முடிவாவது இங்கேதான். கோப்பில் பார்த்த ஒரு வகைக் குற்றச்சாட்டு: "மேற்படியார் தமது கடமையில் அலட்சியமாகவும் பொறுப்பின்றியும் நடந்துகொண்டு அரசுக்கு அவப்பெயர் ஏற்படுத்தியுள்ளார்." இதற்கு யாரும் பதில் சொல்ல முடியாது, இதை யாரும் மெய்ப்பிக்கவும் முடியாது. எந்த நாள், எந்தப் புல எண், எந்த மனு, எந்த விதி?

சரியாக எழுதினால் இப்படி இருக்கும்: இன்ன கிராமத்தின் இன்ன புல எண்ணில் உட்பிரிவுப் பட்டா மாறுதல் கோரிய மனுவின்மீது, இன்ன தேதியில் நேரில் தணிக்கை செய்ததாக அறிக்கை அளித்துள்ளார், அதே நாளில் அவர் ஈட்டிய விடுப்பில் இருந்ததாக வருகைப் பதிவேடு காட்டுகிறது, ஆகவே தணிக்கை செய்யாமலேயே பொய் அறிக்கை அளித்துள்ளார். இதில் ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் ஆவணம் உண்டு. மறுக்கவும் வழி உண்டு, மெய்ப்பிக்கவும் வழி உண்டு.

குறிப்பாணையோடு நான்கு இணைப்புகள் இருக்கின்றனவா பாருங்கள்: குற்றச்சாட்டுகள், அவற்றுக்கு ஆதாரமான நிகழ்வுகளின் விவரம், ஆவணப் பட்டியல், சாட்சிகள் பட்டியல். பட்டியலில் உள்ள ஆவணங்களின் நகலைக் கேட்டு உடனே மனு எழுதுங்கள். அடங்கல், அ பதிவேடு போன்ற நிலப் பதிவேடோ, மனுப் பதிவேடோ, தன்பதிவேடோ (இருக்கைக்கு வந்த தாள்களைப் பதியும் ஏடு) எதுவானாலும் பக்க எண்ணோடு கேளுங்கள். "தொடர்புடைய எல்லா ஆவணங்களும்" என்று கேட்டால், அது இழுத்தடிக்கும் தந்திரம் என்று எழுதிவிடுவார்கள். நகல் தர இயலாத அளவுக்குப் பெரிய பதிவேடு என்றால் பார்வையிட்டுக் குறிப்பெடுக்க அனுமதி கேளுங்கள். வழக்கமாக 15 நாள் கெடு கொடுப்பார்கள். ஆவணம் வரவில்லை என்று பேசாமல் இருந்துவிட்டால், கெடு முடிந்ததும் 'விளக்கம் தரவில்லை' என்று எழுதி அடுத்த படிக்குப் போய்விடுவார்கள். இடைக்கால விளக்கமாகக் குற்றச்சாட்டுகளை மறுத்து ஒரு பக்கமாவது கொடுங்கள்.

விளக்கத்தில் கெஞ்சாதீர்கள். "வேலைப்பளுவால் தவறு நேர்ந்துவிட்டது, கருணை காட்டுங்கள்" என்ற ஒரு வரி, ஒப்புதல் வாக்குமூலமாகி இறுதி ஆணையில் மேற்கோள் குறியோடு வந்து உட்காரும். தவறு உண்மையானால் எந்த அளவுக்கு, எந்தச் சூழலில் என்று துல்லியமாகச் சொல்லுங்கள்.

தவறான உத்தரவு எல்லாம் தவறான நடத்தையா

வருவாய் அலுவலர்களுக்கே உரிய சிக்கல் இது. பட்டா மாறுதல் ஆணை ஏறக்குறைய நீதிமன்ற ஆணை போன்றது. அதில் குறையிருந்தால் 1983ஆம் ஆண்டின் பட்டா பாஸ் புத்தகச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு என்று வழிகள் உண்டு. மேலே போய் ரத்தான ஒவ்வொரு ஆணைக்கும் ஒரு குறிப்பாணை கொடுத்தால் எந்த வட்டாட்சியரும் பேனாவைத் தொட மாட்டார்.

எல்லையை வருமான வரி அதிகாரி ஒருவரின் வழக்கில் 1993இல் உச்ச நீதிமன்றம் கோடிட்டுக் காட்டியது. நேர்மையின்மை, பொறுப்பற்ற அலட்சியம், சட்டம் விதித்த நிபந்தனைகளை வேண்டுமென்றே மீறுவது, ஒருவருக்குத் தேவையற்ற சலுகை, லஞ்சத்தின் சாயல் ஆகியவை இருந்தால் நடவடிக்கை எடுக்கலாம். 1999இல் மத்திய கலால் துறை அதிகாரி ஒருவரின் வழக்கில், வெறும் சட்டப் பிழையோ கவனக்குறைவோ மட்டும் போதாது என்றது. ஆனால் 2006இல் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை ஏற்காமல், 1993இல் போட்ட கோட்டையே உறுதிசெய்தது. உங்கள் விளக்கம் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை என்று காட்ட வேண்டும்: எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு கொடுத்தேன், ஆவணம் பார்த்தேன், காரணம் எழுதினேன். அந்தக் காரணம் தவறாக இருக்கலாம். ஆனால் அது கோப்பில் இருக்கிறது.

விசாரணை மேசையில்

விசாரணை அலுவலர் புகார்தாரராகவோ, சாட்சியாகவோ, உங்களோடு முன்பகை உள்ளவராகவோ இருந்தால் முதல் நாளிலேயே எழுத்தில் மறுப்புத் தெரிவியுங்கள். அறிக்கை வந்த பிறகு சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.

வழக்கறிஞரை வைத்துக்கொள்ளும் உரிமை சாதாரணமாக இல்லை. ஆனால் அரசுத் தரப்பில் சட்டம் பயின்றவர் வாதிட்டால் உங்களுக்கும் அனுமதி தர வேண்டும் என்று எண்பதுகளின் தொடக்கத்திலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

சாட்சிகளை உங்கள் முன்னிலையில் விசாரிக்க வேண்டும், குறுக்கு விசாரணை செய்ய விட வேண்டும். முதல்நிலை விசாரணையில் வாங்கிய வாக்குமூலங்களை அப்படியே எடுத்து வைத்துவிட்டு 'சான்று' என்று சொல்ல முடியாது. சாட்சி நேரில் வந்து சொல்ல வேண்டும், ஆவணம் குறியிடப்பட வேண்டும். நீங்கள் வராவிட்டாலும் துறை தன் குற்றச்சாட்டை மெய்ப்பித்தே ஆக வேண்டும் என்பதை 2009, 2010ஆம் ஆண்டுத் தீர்ப்புகள் நன்றாக அழுத்திச் சொல்லியிருக்கின்றன. இதைப் படித்துவிட்டு யாரும் விசாரணைக்கு வராமல் இருந்துவிடாதீர்கள். ஒவ்வொரு நாளின் நடவடிக்கைக் குறிப்பிலும் கையெழுத்திடும் முன் முழுதாகப் படியுங்கள்; நீங்கள் கேட்ட கேள்வி விடுபட்டிருந்தால் அங்கேயே எழுதச் சொல்லுங்கள்.

இங்கே தேவைப்படும் நிரூபணம் குற்றவியல் நீதிமன்றத்தில் கேட்பது போன்ற ஐயத்துக்கு இடமில்லாத நிரூபணம் இல்லை. நடந்திருக்கக்கூடிய வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். குற்ற வழக்கில் விடுதலையானவர் இங்கே தண்டிக்கப்படுவது இதனால்தான்.

அனுமதியின்றி பணிக்கு வராதது என்ற குற்றச்சாட்டுக்கு ஒரு வரி: வராதது வேண்டுமென்றே செய்ததா என்று கண்டறியாமல் அதைத் தவறான நடத்தை என்று சொல்ல முடியாது என்பது 2012ஆம் ஆண்டுத் தீர்ப்பு. மருத்துவச் சான்று உரிய நாளில் அனுப்பப்பட்டதற்கான அஞ்சல் ரசீது இங்கே தங்கம்.

லஞ்ச வழக்கு வந்தால்

ஊழல் தடுப்புத் துறையினர் வைக்கும் பொறி எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான். ரூபாய் நோட்டுகளின் எண்கள் மகஜரில் எழுதப்படும், பினாப்தலின் பொடி தடவப்படும், வேறு துறை ஊழியர்கள் சாட்சியாக உடனிருப்பார்கள். பணத்தை வாங்கிய கையை நிறமில்லாத சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் அது இளஞ்சிவப்பாக மாறும். அந்த நிறம் நோட்டைத் தொட்டதைக் காட்டும். பணம் கேட்டதைக் காட்டாது. கேட்டது, ஏற்றது இரண்டும் மெய்ப்பிக்கப்பட வேண்டும். புகார்தாரர் பிறழ்சாட்சியாகிவிட்டாலும் சூழ்நிலைச் சான்றுகளால் அதை மெய்ப்பிக்கலாம் என்று 2022 டிசம்பரில் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது.

துறை நடவடிக்கையும் குற்ற வழக்கும் ஒரே நேரத்தில் நடக்கலாம். இரண்டும் ஒரே உண்மைகளைச் சார்ந்து, சட்டச் சிக்கலும் நிறைந்து, முன்கூட்டியே எதிர்வாதத்தை வெளிப்படுத்த நேர்ந்தால் மட்டும் துறை விசாரணையை நிறுத்திவைக்கக் கேட்கலாம். அதுவும் குற்ற வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தால் நிற்காது.

தண்டனை வந்துவிட்டால் 17(இ). விசாரணை வேண்டியதில்லை, விளக்கம் கேட்டு ஓர் அறிவிப்பு, பிறகு ஆணை. மேல்முறையீடு செய்திருக்கிறேன், சிறைத்தண்டனை நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது என்பது பணியறவைத் தடுக்காது. தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கிலேயே 1995இல் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. மேல்முறையீட்டில் விடுதலையானால் ஆணையை மாற்றிக்கொள்ளலாம்.

அறிக்கை வந்த பிறகு

விசாரணை அறிக்கையின் நகலைத் தந்து உங்கள் கருத்தைக் கேட்காமல் தண்டனை விதிக்கக் கூடாது. 1990இலும் 1993இலும் நிலைபெற்ற கொள்கை இது. விசாரணை அலுவலர் 'மெய்ப்பிக்கப்படவில்லை' என்று எழுதி, தண்டிக்கும் அதிகாரி அதை ஏற்கவில்லை என்றால், ஏன் மாறுபடுகிறார் என்ற காரணத்தையும் தற்காலிகமாகவே எழுதி உங்களுக்கு அனுப்ப வேண்டும். "நான் மாறுபடுகிறேன், குற்றம் மெய்ப்பிக்கப்பட்டதாக முடிவு செய்கிறேன், இதற்கு உமது விளக்கம் என்ன" என்று கேட்பது முடிவெடுத்த பிறகு கேட்பது. இப்படி எழுதப்பட்ட ஆணைகள் விழுவதை அடிக்கடி பார்க்கலாம்.

இறுதி ஆணை உங்கள் விளக்கத்தின் ஒவ்வொரு வாதத்தையும் தொட்டுப் பேசியிருக்கிறதா என்று பாருங்கள். "விளக்கம் கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது, ஏற்கத்தக்கதாக இல்லை" என்ற ஒற்றை வரி காரணமாகாது. குறிப்பாணையில் சொல்லாத பழைய தண்டனைகளை இறுதி ஆணையில் திடீரென இழுத்திருந்தாலும் குறித்துக்கொள்ளுங்கள்.

மேலே போகும் வழி

மேல்முறையீட்டுக் கெடு ஆணை கையில் கிடைத்த நாளிலிருந்து ஓடும். மத்திய அரசு ஊழியருக்கு 45 நாள். மேல்முறையீடும் தோற்றால் அரசின் மறு ஆய்வு. இவை முடிந்த பிறகே சென்னை உயர் நீதிமன்றம் அல்லது 2004 முதல் இயங்கும் மதுரைக் கிளை. மாநில அரசு ஊழியர்களுக்கு முன்பு இருந்த நிர்வாகத் தீர்ப்பாயம் இப்போது இல்லை. மத்திய அரசு ஊழியர்களுக்கு மட்டும் மத்தியத் தீர்ப்பாயம் உண்டு.

நீதிமன்றம் சாட்சியத்தை மறுபடி எடைபோடாது. நடைமுறை மீறப்பட்டதா, சான்றே இல்லாத முடிவா, தண்டனை மனச்சாட்சியை உலுக்கும் அளவுக்குப் பொருத்தமற்றதா என்றுதான் பார்க்கும். தாமதமும் ஒரு வாதம்: தமிழ்நாடு வீட்டுவசதி வாரிய ஊழியர் ஒருவர்மீது பத்தாண்டு கழித்து எழுந்த குற்றச்சாட்டை 2005இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2015இல் இன்னொரு வழக்கில், துறை விசாரணையை ஆறு மாதத்தில், அதிகபட்சம் ஓராண்டில் முடிக்க முயல வேண்டும் என்றும் சொன்னது. ஆனால் தாமதத்துக்கு வாய்தா கேட்டவர் நீங்களாக இருந்தால் இந்த வாதம் உங்கள் பக்கம் திரும்பிக் குத்தும்.

ஓய்வு பெற்றுவிட்டால் எல்லாம் முடிந்தது என்பதும் சரியில்லை. ஓய்வூதிய விதிகளின் 9ஆம் விதிப்படி, ஓய்வுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கும் நடவடிக்கை, தொடங்கும் நாளுக்கு நான்கு ஆண்டுகளுக்குள் நடந்த நிகழ்வுகளைப் பற்றியதாக இருக்க வேண்டும். ஓய்வூதியத்தைக் குறைக்கவோ நிறுத்தவோ அரசால் மட்டுமே முடியும்.

ஆணை ரத்தாகிப் பணிக்குத் திரும்பினால் மகிழ்ச்சியில் ஒன்றை மறந்துவிடாதீர்கள். வெளியே இருந்த காலம் பணிக்காலமாகக் கொள்ளப்படுமா, விடுப்பாகவா, சம்பளம் முழுதாகவா பகுதியாகவா என்று அடிப்படை விதி 54இன் கீழ் தனி ஆணை வேண்டும். அந்த ஆணை வந்து, பணிப்பதிவேட்டில் பதிந்து, பதிவின் கீழே அலுவலகத் தலைவரின் கையெழுத்தும் முத்திரையும் விழுந்ததை நேரில் பார்த்துவிட்டு இருக்கைக்குப் போங்கள்.